வெந்நீரில் விழுந்த முதல் மாதிரி

"வெந்நீர்ல அரை மணி நேரம் போட்டா எந்தப் பசையும் எளகிடும்," என்று நாத்தனார் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். "முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேப்ல நான் கழுவாத கண்ணாடியா."

பாத்திரத்தின் அடியில் இரண்டு ஸ்லைடுகள் பளிச்சென்று கிடந்தன. மேலே இரண்டு காகிதத் துண்டுகள் மிதந்தன. ஒன்றிலிருந்து நீல மை கரைந்து தண்ணீரில் புகை மாதிரி பரவிக்கொண்டிருந்தது. இன்னொன்று வெறும் வெள்ளைத் தாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த பூச்சி மேடத்தின் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது.

"அண்ணி, அந்த லேபிள் ரெண்டும்..."

"ஒரே அழுக்கும்மா. ஒண்ணு ஓரமெல்லாம் மடங்கி, கோழி கிளறின மாதிரி எழுத்து. இன்னொண்ணுல எழுத்தே இல்லை. நல்ல காகிதமா வெட்டி வச்சிருக்கேன். என்ன எழுதணும்னு சொல்லு, நானே எழுதி ஒட்டிடறேன். என் கையெழுத்தைக் கேட்டு டாக்டருங்களே வரிசையில நிப்பாங்க."

பூச்சி மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மியூசியத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூச்சி அறைக்கு அவள் ஒருத்திதான் ஆள். அந்த அறைக்கு வெள்ளையடிப்பதால் பத்து நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மைக்ராஸ்கோப் இப்போது தையல் மேஜை மேல் இருந்தது. அதே பத்து நாளைக்குத்தான் கணவரின் அக்காவும் முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஓய்வெடுக்க வந்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாதவர். வந்த மூன்று நாளில் செருப்பு ஸ்டாண்டு, மருந்து டப்பா, துணி அலமாரி எல்லாம் ஒழுங்குக்கு வந்திருந்தன. நாலாம் நாள் காலை, மைக்ராஸ்கோப் பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்லைடுகள் கண்ணில் பட்டுவிட்டன.

இரண்டு ஸ்லைடுகளிலும் கண்ணாடிக்குள் பிசினில் பதித்த ஒரு பூச்சி இருந்தது, அதை வெந்நீர் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த இரண்டில் ஒன்று சாதாரணக் கண்ணாடி இல்லை. இலைப்பேன் என்ற பூச்சியைச் செடி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இலையை உறிஞ்சிச் சுருட்டிவிடும். இந்த ஸ்லைடில் இருந்ததும் அந்த வகையில் பிறந்ததுதான். ஆனால் இலைப் பக்கமே போகாது. காய்ந்த கிளையின் பட்டையில் படரும் பூஞ்சையைத் தின்று, பறந்து போய்ச் சாதிக்க ஒன்றும் இல்லாததால் இறக்கையே இல்லாமல், இரண்டு மில்லிமீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். முப்பது வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊர் மியூசியத்தில் இருந்த ஒரு நிபுணர் இதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்தபோது அவர் கையில் வைத்துப் பார்த்த அதே பூச்சிதான் இது. முதல் மாதிரி என்பார்கள். உலகத்தில் ஒன்றே ஒன்று.

அதை அனுப்பச் சொல்லி மூன்று மாதம் முன்பு பூச்சி மேடம் அந்த மியூசியத்துக்குக் கடிதம் போட்டிருந்தாள். அன்று காலைதான் கூரியரில் வந்தது. கூடவே ஒரு வரிக் கடிதம்: 'தாங்கள் கேட்டிருந்தபடி அனுப்பியுள்ளோம்.' இவ்வளவு பெரிய பொருளைக் குளிக்காமல் தொடக் கூடாது என்று நினைத்துத்தான் அவள் குளிக்கப் போனாள்.

இன்னொரு ஸ்லைடு அவளுடையது. மியூசியத்துக்கு எதிர்ப் பூங்காவில், காய்ந்துபோன கிளை ஒன்றிலிருந்து எடுத்த பூச்சி. இது புது இனம் என்று நாலு வருஷமாக அவளுக்குச் சந்தேகம், ஒரு வருஷமாக நிச்சயம். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. முதல் மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. பார்த்த பிறகு புதுப் பெயரை எழுதலாம் என்றுதான் லேபிளை வெறுமையாக விட்டிருந்தாள்.

"என்ன எழுதணும்னு சொல்லேன்," என்றார் நாத்தனார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"அப்புறம் சொல்றேன் அண்ணி."

மொட்டை மாடிக்குப் போய்க் கணவருக்கு போன் செய்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி நேரம் இரண்டு மாடிகளுக்கு நடுவில்தான் இருப்பார்.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே," என்றார் எடுத்த எடுப்பில். "ஆபரேஷன் பண்ண உடம்பு."

"முழங்காலைத்தானே ஆபரேஷன் பண்ணாங்க. எல்லாரும் இதையே சொல்லுங்க. இரவல் வாங்கின பொருள்ங்க அது. லேபிள் போச்சுன்னு தெரிஞ்சா இனிமே எந்த மியூசியமும் எங்களுக்கு ஒரு கொசுவைக்கூட அனுப்பாது."

"சரி, இப்ப என்ன கஷ்டம்? எது அவங்களோடது, எது உன்னோடதுன்னு தெரியணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"ரெண்டும் வேற வேற பூச்சின்னு நாலு வருஷமா சொல்றே. அப்ப பாத்தாலே தெரிஞ்சுடுமே."

பூச்சி மேடத்துக்கு மூச்சு திரும்பி வந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தன் மேலேயே கோபம் வந்தது. கீழே வந்து, ஒரு ஸ்லைடின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி, மற்றதில் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்தாள்.

"ஸ்கூல் பிள்ளை மாதிரி இருக்கு," என்றார் நாத்தனார். "நான் எழுதிக் குடுத்திருப்பேன்."

வித்தியாசங்கள் மூன்று. கட்டுரையில் அவளே எழுதியது. பழைய இனத்துக்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் முடி குட்டையாக, கூர்மையாக இருக்கும். புது இனத்துக்கு நீளமாக, நுனி எக்காளம் மாதிரி விரிந்திருக்கும். பழையதற்கு உணர்கொம்பின் மூன்றாவது கணுவில் ஒரு முளை, புதியதற்கு இரண்டு. பழையதற்கு வால் பக்கத்துக் குழாய் தலையைவிட நீளம், புதியதற்குக் குட்டை. பழையதைப் பற்றி இவ்வளவும் அந்த நிபுணர் எழுதி வைத்த அரைப் பக்கத்திலிருந்து எடுத்தது. அவர் படம்கூடப் போடவில்லை.

முதலில் முடி. சிவப்புப் புள்ளிப் பூச்சிக்கு முடியே இல்லை. இரண்டு பக்கமும் உதிர்ந்து, முளைத்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. பச்சைக்கு இடது பக்க முடி பாதியில் ஒடிந்திருந்தது. வலது பக்க முடி இருந்தது, ஆனால் கன்னத்துக்கு அடியில் மடங்கிப் போய் நுனி தெரியவில்லை.

"பரவாயில்லை," என்று சொல்லிக்கொண்டு, பெரிய லென்சுக்கு எண்ணெய் விட்டு, உணர்கொம்பைப் பார்த்தாள். சிவப்புக்கு இடது கொம்பில் இரண்டு முளை. மனசு குளிர்ந்தது, அப்படியானால் சிவப்புதான் தன்னுடையது. வலது கொம்பைப் பார்த்தாள். ஒன்று.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். இடது இரண்டு, வலது ஒன்று.

பச்சையை எடுத்து வைத்தாள். அதற்கு இடது ஒன்று, வலது இரண்டு.

மத்தியானம் சாப்பிட வந்த கணவர் வாசலிலேயே கேட்டார். "தெரிஞ்சுதா?"

"ஒரு கொம்பைப் பாத்தா இது அதுங்குது. இன்னொரு கொம்பைப் பாத்தா அது இதுங்குது."

"மூணாவது என்னவோ இருக்குன்னியே."

"குழாய். அளந்தேன். ரெண்டும் ஒரே அளவு."

கணவர் கை கழுவினார். "அப்ப ரெண்டும் ஒரே..."

"சொல்லாதீங்க," என்றாள். "குழாய் கொஞ்சம் சாஞ்சு ஒட்டியிருக்கு. சாஞ்சா அளவு மாறும்."

"எது சாஞ்சிருக்கு?"

"ரெண்டும்."

மறுநாள் அவளுக்கு வேறு வழி தோன்றியது. அதே கிளையிலிருந்து பத்துப் பூச்சி புதிதாகப் பிடித்து வந்தால், தன் பூச்சி எப்படி இருக்கும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அவள் எடுத்த மற்ற ஸ்லைடுகள் எல்லாம் மியூசியத்தில் தார்ப்பாய்க்கு அடியில், நாலு அலமாரிக்குப் பின்னால் இருந்தன. பூங்கா அதைவிடச் சுலபம். அந்தக் கிளையை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று போன வாரம்தான் பூங்கா அலுவலகத்துக்குக் கடிதமும் போட்டிருந்தாள்.

மரம் இருந்தது. கிளை இருந்த இடத்தில் வட்டமாகப் புது வெட்டு. தோட்டக்காரர் அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"திருப்திதானே மேடம்?"

"இங்க ஒரு காஞ்ச கிளை இருந்துச்சே."

"முந்தாநாள் வெட்டிட்டோம். நீங்கதானே லெட்டர் போட்டீங்க."

"தொடாதீங்கன்னுதானே போட்டேன்."

"கீழே வரைக்கும் யார் படிச்சாங்க? மேல 'காய்ந்த கிளை சம்பந்தமாக'ன்னு போட்டிருந்துச்சு. ஆபீசர் உடனே ஆளை அனுப்பிட்டாரு. நான் இங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஒரு லெட்டருக்கு இவ்வளவு வேகமா வேலை நடந்து நான் பாத்ததே இல்லை."

"வெட்டின கிளை எங்க?"

"மெஷின்ல குடுத்துப் பொடியாக்கி, ரோஜாச் செடிக்கெல்லாம் போட்டாச்சு." அவர் நன்றி வரும் என்று நின்றார். அவள் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ஆறாம் நாள், வெட்கத்தை விட்டு, இலைப்பேன்களில் பெரிய கை என்று பெயரெடுத்த வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டாள். லேபிள் விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டு பூச்சிகளின் தலையையும் படமெடுத்து அனுப்பி, 'இவற்றில் எது எந்த இனம் என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்' என்று மட்டும் எழுதினாள்.

ஒரே மணி நேரத்தில் பதில் வந்தது. 'தவறுதலாக ஒரே பூச்சியின் படத்தை இரண்டு முறை அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. மற்றதையும் அனுப்புங்கள். பின்குறிப்பு: உங்கள் கட்டுரையைப் பரிசீலிக்கும்படி ஆய்விதழிலிருந்து என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்தப் படங்களை ஆசிரியருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.'

சாயங்காலத்துக்குள் ஆசிரியரிடமிருந்தும் வந்துவிட்டது. 'இரண்டு இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று தெளிவாகக் குறித்து, ஒரு வாரத்துக்குள் படம் அனுப்பவும்.'

அதைப் படித்து முடிப்பதற்குள் மியூசியம் டைரக்டர் போன் செய்தார்.

"என்ன மேடம், பேர் வச்சாச்சா? கமிட்டியில எல்லாரும் கேக்கறாங்க. வெள்ளையடிச்சதும் பூச்சி அறையை நாற்காலி அடுக்கக் குடுத்துடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. புது இனம் வருதுன்னு சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"ஒரு சின்ன விஷயம் சரிபார்க்கணும் சார்."

"எவ்வளவு சின்னது?"

"ஒரு முடி சார்."

அடுத்த இரண்டு நாள் அவள் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஊசி மாதிரி இருக்கும் வாய் உறுப்புகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தாள். முன்னங்கால் நுனியில் இருக்கும் பல்லைப் பார்த்தாள். முதுகில் தொப்பி மாதிரி இருக்கும் தகட்டை வரைந்தாள். சிவப்பின் தொப்பியும் பச்சையின் தொப்பியும் ஒரே கடையில் வாங்கின மாதிரி இருந்தன. தண்ணீர் கொடுத்தால் 'சிவப்பு' என்றாள். சாப்பிடக் கூப்பிட்டால் 'பச்சை' என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை நாத்தனார் ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அஞ்சு நாளா அந்த ரெண்டையே மாத்தி மாத்திப் பாக்கறே. அப்படி என்னத்தைத்தான் தேடறே?"

பூச்சி மேடம் நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப்பின் வட்டம் பதிந்திருந்தது. கணவர் சொன்னது, ஆபரேஷன் பண்ண உடம்பு, வீட்டுக்கு வந்த மனுஷி எல்லாம் ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்து, அப்புறம் போய்விட்டன.

"என்னத்தையா? நீங்க கழுவி விட்டீங்களே அண்ணி, அந்த லேபிள்ல ஒண்ணு என்கிட்ட இருக்கிறதுலயே விலைமதிப்பில்லாத பூச்சியோடது. எது பழசு, எது நான் போன மாசம் பண்ணது, எனக்குத் தெரியலை. பதினஞ்சு வருஷமா இதே வேலை பாக்கறேன். ரெண்டே ரெண்டு பூச்சி. எது எதுன்னு எனக்குத் தெரியலை."

நாத்தனார் முகம் வாடவில்லை. ஸ்லைடுகளை ஓரத்தில் பிடித்து எடுத்தார். எண்ணெயைத் துடைத்தார். ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணி மேல் இரண்டையும் வைத்தார்.

"பச்சைப் புள்ளி வச்சிருக்கியே, அது பழசு. இது புதுசு."

"எப்படிச் சொல்றீங்க?"

"பூச்சியைச் சுத்தி இருக்கிற பிசினைப் பாரு. பச்சையில தேன் கலர்ல இருக்கு. இன்னொண்ணு தண்ணி மாதிரி இருக்கு. வருஷமானா பிசின் மஞ்சளாகும். எங்க லேப்ல புதுசா வர்ற பொண்ணுங்களுக்கே முதல் நாள் சொல்லிக் குடுத்துடுவோம்."

பூச்சி மேடம் குனிந்து பார்த்தாள். வெறும் கண்ணால் பார்த்தாள். அவளுடைய மைக்ராஸ்கோப் விளக்கில் நீலக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளைதான். மைக்ராஸ்கோப் குழாயிலிருந்து கண்ணை எடுத்து ஸ்லைடை ஸ்லைடாகப் பார்க்க ஐந்து நாளாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"கழுவும்போதே தெரியுமே."

"ஏன் அண்ணி சொல்லலை?"

"நீ பூச்சியோட முடியைத்தானே எண்ணிக்கிட்டிருந்தே. பழசு எதுன்னு யாரு கேட்டா?"

அவள் பச்சையை மறுபடி லென்சுக்கு அடியில் வைத்தாள். கன்னத்துக்கு அடியில் மடங்கியிருந்த அந்த ஒற்றை முடியை, விளக்கைச் சாய்த்து, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நுனி வரை பின்தொடர்ந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நுனி தெரிந்தது. எக்காளம் மாதிரி விரிந்திருந்தது.

பழைய நிபுணர் உடைந்த முடியைப் பார்த்துவிட்டுக் குட்டை என்று எழுதியிருக்கிறார். ஒரு கொம்பை மட்டும் பார்த்து ஒரு முளை என்று எழுதியிருக்கிறார். குழாயை அளந்தாரா என்பதே சந்தேகம். அவருடைய பூச்சியும் இவளுடைய பூச்சியும் ஒரே இனம். நாலு வருஷம் அந்த அரைப் பக்கத்தை நம்பியிருக்கிறாள்.

சாயங்காலம் கணவர் வந்தபோது அவள் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி முடித்திருந்தாள்.

"அவசரப்படாதே," என்றார் அவர். "அந்த ஒரு முடியை நீ மட்டும்தானே பாத்தே?"

"பாத்துட்டேனே. பாக்காத மாதிரி எப்படி இருக்கிறது?"

லிஃப்ட் கயிறு நைந்திருப்பதைப் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க அவராலும் முடியாது.

டைரக்டரிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மேஜை மேலிருந்த குண்டூசியை உருட்டினார்.

"வேற ஏதாவது முடியை எண்ணிப் பாருங்களேன்."

"எல்லாத்தையும் எண்ணிட்டேன் சார்."

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லை. புது இனமும் இல்லை. பேர் சொல்லிக் காட்ட ஒரு முதல் மாதிரியாவது நம்ம அலமாரியில இருந்தா கமிட்டிகிட்ட சண்டை போடலாம். அதுவும் கிடையாது. திங்கட்கிழமை நாற்காலி வருது. அந்த இரவல் ஸ்லைடையாவது சேதாரம் இல்லாம அனுப்பி வைங்க, மானம் மிஞ்சட்டும்."

அவள் அதைப் பஞ்சில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து, டப்பாவை மரப்பெட்டியில் வைத்து, மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். லேபிள் கரைந்ததற்கு ஒரு பக்கம். முன்கூட்டியே சொல்லாததற்கு ஒரு பக்கம். மூன்றாவது பக்கத்தில், இனி இப்படி நடக்காது என்பதையே நாலு விதமாக எழுதினாள். புது லேபிளை நாத்தனார் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து உண்மையிலேயே முத்து முத்தாகத்தான் இருந்தது. கூரியர் அலுவலகத்தில் ரசீதைக் கையில் வாங்கியதும் இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குத் தோள் இறங்கியது.

திங்கட்கிழமை காலை பூச்சி அறையில் புது வெள்ளையின் வாசனை. நாற்காலிகள் நாலு நாலாக அடுக்கி உள்ளே வந்துகொண்டிருந்தன. பூச்சி மேடம் ஓர் அட்டைப் பெட்டியில் தன் ஊசிகளையும் தூரிகைகளையும் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜை மேலிருந்த போன் அடித்தது. இரவல் ஸ்லைடை அனுப்பிய ஊர் மியூசியத்தின் ஸ்டோர் கீப்பர்.

"அம்மா, நீங்க அனுப்பின பெட்டி வந்து சேர்ந்துச்சு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, லேபிள் விஷயத்தைக் கடிதத்துல விவரமா எழுதியிருக்கேன். முழுக்க முழுக்க என் தப்புதான். வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது."

"படிச்சேன்மா. மூணு பக்கமும் படிச்சேன்."

"இரவல் வாங்கின பொருளை எவ்வளவு பத்திரமா வச்சிருக்கணும்னு எனக்குத் தெரியாம இல்லை. நீங்க மேலிடத்துல புகார் பண்ணாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் ஒலி கேட்டது. பிறகு ஸ்டோர் கீப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா, இரவல் வாங்கினது நாங்கதான், எங்க பழைய நிபுணர் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க மியூசியத்துல இருந்து வாங்கிட்டுத் திருப்பியே தரலை, நீங்க கேட்டு எழுதினதும் மானம் போச்சேன்னு உங்க பொருளைத்தான் உங்களுக்கு அனுப்பி வச்சோம்."